கூட்டுக் குடியிருப்பில் ஒரு கடை: ராமநாதபுரம் கடற்கரையில் தொடங்குகிறவர்களுக்கு

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், வடகடல் பக்கம், பதினொரு குடும்பம் சேர்ந்து ஒரு கூட்டுக் குடியிருப்பு கட்டினோம். வீட்டு வேலை முடிந்த இரண்டாம் வருடம் சாலையோரம் இரண்டு கடை போட்டோம். ஒன்றில் மாவு மில் ஓடுகிறது. மற்றதில் தையலும் ஜெராக்ஸும். மில்லை ஒரு தடவை இடித்து இடம் மாற்ற வேண்டியிருந்தது, மின்சாரத்துக்கு ஒரு தடவை தண்டம் கட்டினோம். இதே எண்ணத்தோடு தேவிபட்டினம் பக்கமிருந்தும் சாயல்குடி பக்கமிருந்தும் சிலர் வந்து கேட்டுப் போனார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூட்டுக் குடியிருப்பு, ஆங்கிலத்தில் கோஹவுசிங், என்ற சொல்லே புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பத்துக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஓர் அடுப்படி, அதெல்லாம் தனி. முற்றம், பொதுச் சமையலறை, துவைக்கிற இடம், விருந்தாளி வந்தால் தங்கும் அறை, இவை பொது. திட்டம் போடுவதும் நடத்துவதும் குடியிருக்கிறவர்களே. டென்மார்க்கில் 1972-ல் 27 குடும்பங்களோடு தொடங்கிய சேட்டடாமன் என்ற குடியிருப்பை இதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். இந்த முறையில் ஒரு வழக்கம் உண்டு: அவரவர் சம்பாத்தியம் அவரவருக்கு. சேர்ந்து சாப்பிடலாம், சேர்ந்து பெருக்கலாம், வருமானத்தைச் சேர்க்க வேண்டியதில்லை. கடை என்று ஒன்று வந்ததும் அந்த வழக்கத்தில் முதல் ஓட்டை விழுகிறது, வாடகை என்று ஒரு பொதுப் பணம் வர ஆரம்பிக்கிறது. அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு தொடங்குங்கள்.

யாருக்காகக் கடை?

பதினொரு வீட்டை நம்பி ஒரு கடை பிழைக்காது. முப்பது வீடு இருந்தாலும் கஷ்டம்தான். நம் ஆட்கள் மாதச் சாமானை ராமநாதபுரத்தில் மொத்தமாக வாங்கிவிட்டு, கடையில் தீப்பெட்டியும் தயிர் பாக்கெட்டும் வாங்குவார்கள். ஆகவே கடை ஊருக்காகத்தான். வாசல் சாலையைப் பார்க்க வேண்டும், முற்றத்தைப் பார்க்கக் கூடாது. எங்கள் முதல் வரைபடத்தில் கடை முற்றத்துக்குள் இருந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஊர்க்காரர் ஒருவர் ஐந்து ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுக்க, யார் வீட்டு முற்றத்தையோ தாண்டி உள்ளே வருவாரா? வர மாட்டார். வந்தாலும் நம் வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்காது.

என்ன கடை என்பதை நாம் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் கூட்டத்தில் கடலைப் பார்த்தபடி காபி குடிக்கும் இடம் வேண்டும் என்று ஏழு பேர் கை தூக்கினார்கள். அப்புறம் நானும் இன்னொருவரும் நோட்டும் பேனாவுமாக இரண்டு நாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். உச்சிப்புளிக்குப் போய்த் திரும்புகிறவர்களிடம் ஒரே கேள்வி: “எதுக்குப் போயிட்டு வர்றீங்க?” மிளகாய் அரைக்க, மல்லி அரைக்க, ஆதார் நகல் எடுக்க, ஜாக்கெட் தைக்கக் கொடுக்க. காபி குடிக்கப் போனவர் ஒருவரும் இல்லை. நீங்களும் இந்த இரண்டு காலையைச் செலவு பண்ணுங்கள். ஒரு நாள் சாதாரண நாளாகவும், ஒரு நாள் சந்தை நாளாகவும் இருக்கட்டும்.

ஊரில் ஏற்கெனவே இருப்பதைத் தொடாதீர்கள். எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு பாட்டியின் பெட்டிக்கடை இருக்கிறது. நாங்கள் அஸ்திவாரம் தோண்டுவதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: “தம்பி, நீங்களும் கடை வச்சா நான் யாருக்கு விக்கிறது?” அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம், வெற்றிலை பாக்கு, மிட்டாய், சோப்பு, பலசரக்கு எதுவும் நம் கடையில் கிடையாது என்று. இப்போது மில்லுக்கு வருகிறவர்கள் மாவு அரைபடும்வரை அவர் கடை நிழலில்தான் உட்காருகிறார்கள். அவருக்கும் வியாபாரம் கூடியிருக்கிறது.

நிலத்தைப் பார்க்கும்போது

கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தைப் பற்றி எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும், அந்த அரைகுறைதான் ஆபத்து. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்த விதி வரும். 2011-ம் ஆண்டு அறிவிக்கையில் கிராமப்புறக் கடற்கரைக்கு முதல் 200 மீட்டரில் புதிதாகக் கட்டக் கூடாது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கத்தைப் பார்த்து இந்தத் தூரத்தைப் பிரிக்கிறது. எனவே பக்கத்து ஊர்க்காரர் சொல்லும் தூரத்தை உங்கள் நிலத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். உயர் அலைக் கோடு என்பது நீங்கள் கரையில் நின்று கண்ணால் பார்க்கிற ஈரக் கோடு அல்ல, வரைபடத்தில் குறித்த கோடு. உங்கள் சர்வே நம்பர் அதில் எங்கே விழுகிறது என்று மாவட்டக் கடலோர மண்டல அலுவலர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று: 200-க்கும் 500-க்கும் நடுவில் வீட்டுக்கு இடம் கொடுக்கிற விதி, கடைக்கும் அப்படியே இடம் கொடுக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டோடு கடையையும் சேர்த்தே கேளுங்கள்.

கட்டட அனுமதி தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி. விண்ணப்பத்திலேயே கடையைக் காட்டிவிடுங்கள். வண்டி நிறுத்தும் அறை என்று வரைபடம் போட்டு அனுமதி வாங்கி, பிறகு கடையாக்குவது இந்தப் பக்கத்தில் சகஜம். தனி ஆள் செய்தால் அவர் தலைவலியோடு போகும். பதினொரு குடும்பத்தின் பொதுச் சொத்தில் அது செய்கிற வேலை இல்லை.

எந்த மூலையில் வைப்பது

இதைத்தான் நாங்கள் கோட்டை விட்டோம்.

நம் கரையில் காற்றுக்கு இரண்டு பெரிய வழி. தென்மேற்கிலிருந்து கச்சான், வைகாசி கடைசியில் தொடங்கி புரட்டாசி வரை மணலை அள்ளிக்கொண்டு வரும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடை. மில்லை நாங்கள் தென்மேற்கு மூலையில் கட்டியிருந்தோம், சாலை அங்கேதான் வளைகிறது என்ற ஒரே காரணத்துக்காக. ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முதல் முறையாக மிளகாய் அரைத்தார்கள். முண்டு மிளகாய், சுற்றிலும் விளைகிற அதே குண்டு மிளகாய்தான், வீட்டு உபயோகத்துக்கு ஆறு கிலோ. பத்து நிமிஷத்தில் முற்றத்தில் காயப்போட்ட துணியெல்லாம் காரம். பொதுச் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தும்ம ஆரம்பித்து, கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். ஒரு வயதுக் குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு சாயங்காலம் வரை அழுதது. மில்காரர் பாவம், மிஷினை நிறுத்திவிட்டு முக்காட்டுத் துண்டோடு வந்து எல்லா வீட்டு வாசலிலும் மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் என்ன தப்பு?

காற்று தென்மேற்கு, வடகிழக்கு என்று ஒரு கோட்டில் போய் வருகிறது என்றால் தூசி, புகை, நாற்றம் வருகிற கடைக்கு வடமேற்கு மூலை அல்லது தென்கிழக்கு மூலைதான் சரி. இப்போது எங்கள் மில் வடமேற்கில் இருக்கிறது. தையல், ஜெராக்ஸ், செல்போன் பழுதுபார்ப்பு போன்றவை எந்த மூலையிலும் இருக்கலாம். கருவாட்டுக் கடை வைக்க நினைப்பவர்கள் காற்றுக் கணக்கோடு, சைவக் குடும்பம் எத்தனை என்றும் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தென்கடல் பக்கம், கீழக்கரை, ஏர்வாடி வரிசையில் கட்டுகிறவர்களுக்குக் கச்சான் நேராகக் கடலிலிருந்து வரும், உப்பும் கூடவே வரும். உங்கள் இடத்தில் மாமாங்கமாக வலை காயப்போடுகிற ஒருவரைக் கூப்பிட்டு நிலத்தில் நிறுத்திக் கேளுங்கள். அவருக்குத் தெரியாத காற்று கிடையாது.

கட்டடம்

ஒரு கடைக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி போதும். முன்னால் நாலடித் திண்ணை, மேலே சாய்ப்பு. ஊரில் கடை நடப்பது பாதி திண்ணையில்தான். தரைமட்டத்தைச் சாலையை விட இரண்டடி உயர்த்துங்கள், கார்த்திகை மழையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒரு வருடம் பார்த்துவிட்டு உயர்த்தினால் இன்னும் நல்லது.

ஷட்டர் வேண்டாம். இரும்பு ஷட்டரின் அடிப்பட்டைதான் முதலில் போகும், அடுத்தது உள்ளே இருக்கிற ஸ்பிரிங். எங்கள் தையல் கடையில் இரண்டாவது வருடமே பாதியில் நின்றுவிட்டது. தினமும் காலையில் அந்த அக்கா குனிந்து உள்ளே போய், உள்ளேயிருந்து தோளால் முட்டித் தூக்குவார். பழைய கடைகளில் இருக்குமே பலகைக் கதவு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதி, மேலும் கீழும் காடியில் செருகுகிற பலகைகள், அதையே மில்லுக்குப் போட்டோம். பழைய வீடு இடித்த மரத்தில் செய்தது. ஒரு பலகை போனால் ஒன்றை மட்டும் மாற்றலாம். மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பிக்கொள்ளும். காடியில் தேங்காயெண்ணெய் தடவினால் சரியாகிவிடும்.

கழிப்பறை. கடைக்கு வரைபடம் போடும்போது எல்லோரும் மறக்கிற விஷயம் இது, நாங்களும் மறந்தோம். காலை ஒன்பது முதல் ராத்திரி எட்டு வரை ஒரு பெண் அங்கே உட்கார்ந்து தைக்கிறார் என்றால் அவர் எங்கே போவார்? ஒவ்வொரு முறையும் யார் வீட்டுக் கதவையாவது தட்டுவாரா? கடைகளுக்குப் பின்னால், சாலைப் பக்கமிருந்தே போகிற மாதிரி ஒன்று கட்டிவிடுங்கள்.

முற்றத்துப் பக்கம் கதவு வேண்டாம், ஒரு சின்ன ஜன்னல் போதும். எங்கள் பிள்ளைகள் அந்த ஜன்னல் வழியாகத்தான் பள்ளிக்கூடப் பாடத்தை ஜெராக்ஸ் எடுக்கிறார்கள், பந்து விழுந்தால் கேட்கிறார்கள். வெளியாட்கள் உள்ளே வருவது பற்றிப் பயந்த தாய்மார்களுக்கும் அந்த ஜன்னலால் நிம்மதி.

தண்ணீர்

கடைக்கு முதலில் எண்ண வேண்டியது குடம். காவிரிக் கூட்டுக்குடிநீர் வந்தாலும், தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தண்ணீர் எடுக்கிற மாவட்டம் இது. தையலுக்கு நாளுக்கு ஒரு குடம், மில்லுக்கு இரண்டு. ஒரு டீக்கடை போடலாம் என்று பேச்சு வந்தபோது, தெரிந்த டீக்கடை ஒன்றில் ஒரு நாள் நின்று எண்ணினோம்: டம்ளர் கழுவுவதையும் சேர்த்து 18 குடம். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 270 லிட்டர். மழைநீர் பிடித்துக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். சரி, கணக்குப் போடுங்கள். 120 சதுர அடிக் கூரை என்பது சுமார் 11 சதுர மீட்டர். இங்கே வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. சிந்தாமல் சிதறாமல் பிடித்தாலும் 8,800 லிட்டர்தான், டீக்கடைக்கு 33 நாள் ஓடும். டீக்கடைப் பேச்சு அதோடு நின்றது.

வெளியே போகும் தண்ணீரும் இதே அளவு முக்கியம். மணல் பூமியில் பத்தடியில் ஊறுகிற நல்ல தண்ணீர் மழை கொடுத்தது, அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்குக் கழிவை அந்த மணலில் விட்டால் பக்கத்து வீட்டு ஊற்றுக்குத்தான் போகும். உணவுக்கடை வைத்தே ஆக வேண்டும் என்றால் எண்ணெய் பிடிக்கிற தொட்டி கட்டிய பிறகு வையுங்கள்.

மின்சாரமும் தாள்களும்

கடைக்குத் தனி மீட்டர், வணிகக் கட்டணத்தில். இதில் சமரசமே கூடாது. மில்லுக்கு மும்முனை இணைப்பு வந்து சேரத் தாமதமானது. அதுவரை தையல் கடைக்கு மட்டும் பொது வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்தோம், ஒரு தையல் மிஷின், ஒரு விளக்கு, ஒரு ஃபேன், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று. சோதனைக்கு வந்தவர்கள் வயரைப் பார்த்தார்கள். வீட்டு இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது, 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் வருகிறது, அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. எவ்வளவு நாளாக நடக்கிறது என்று தெளிவாகாவிட்டால் 12 மாதத்துக்குப் போடலாம். வயர் இழுத்த தேதி எங்கள் தீர்மானப் புத்தகத்தில் இருந்ததால் மூன்று மாதத்தோடு போயிற்று. எல்லாவற்றையும் எழுதி வைக்கிற பழக்கத்தைக் கேலி செய்தவர்கள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டார்கள்.

மற்ற தாள்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஊராட்சியில் தொழில் உரிமம். தின்கிற பொருள் எதுவானாலும், மாவு மில் உட்பட, உணவுப் பாதுகாப்புப் பதிவு. தராசு இருந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை. இவை கடை நடத்துபவர் பெயரில் இருக்க வேண்டும், குடியிருப்பின் பெயரில் வேண்டாம். கடலோரம் என்பதால் இன்னொன்று: சுற்றுலாக்காரர்களுக்குச் சிப்பி, சங்குப் பொருள் விற்க யாராவது கடை கேட்டால், பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதுவும் உள்ளே வரக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா நம் மாவட்டக் கடலிலேயே இருக்கும்போது தெரியாது என்று சொல்ல முடியாது.

கடை யாருக்குச் சொந்தம்

மூன்று வழி இருக்கிறது. உறுப்பினர் ஒருவரே சொந்தமாக வாங்குவது, எல்லோருக்கும் பொதுவாக வைத்து வாடகைக்கு விடுவது, வெளியாளுக்கு விற்பது. மூன்றாவதை மறந்துவிடுங்கள். விற்ற கடை கை மாறிக் கை மாறி யாரிடம் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது, அவருக்கும் நிலத்தில் பிரிபடாத பங்கு இருக்கும். முதல் வழி எளிது, ஆனால் அந்த உறுப்பினரின் கடைக்கு நேரக் கட்டுப்பாடு போடும்போது பொதுக்கூட்டம் வீட்டுச் சண்டையாகிவிடும். நாங்கள் பொதுவாக வைத்தோம். கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஸ்வான்ஸ் மார்க்கெட் என்ற பழைய சந்தைக் கட்டடத்தில் 20 வீடுகள் கொண்ட கூட்டுக் குடியிருப்பு இருக்கிறது, அதே கட்டடத்தில் உணவகங்களும் கடைகளும் உண்டு. நகரத்தின் நடுவில் அந்த அளவுக்குப் போகலாம். நமக்கு இரண்டு கடை தாங்கும்.

பொதுவாக வைத்தால் வரியைக் கவனியுங்கள். உறுப்பினர்கள் பராமரிப்புக்காகத் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் பணம் வேறு, வெளியாள் கொடுக்கிற வாடகை வேறு. வாடகை சங்கத்தின் வருமானம், அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். சங்கத்தின் பெயரில் பான் எண், தனி வங்கிக் கணக்கு இரண்டும் முதல் வாடகை வருவதற்கு முன்பே இருக்கட்டும். அந்தப் பணத்தை வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போடாதீர்கள். எங்களுடையது தண்ணீர்த் தொட்டி, மோட்டார், சுண்ணாம்பு அடிப்பது ஆகியவற்றுக்கு மட்டும் போகிறது.

நாமே முறை வைத்து உட்கார்ந்து கடை நடத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். அன்பாகக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்றாம் மாதம் ஒரே ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார், அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

வாடகை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும், நாட்டுப்படகு மட்டும் போகும். படகில் கூலிக்குப் போகிறவர் கையில் பணம் இருக்காது. கடையில் கடன் நோட்டு தடிக்கும். நீங்கள் வாடகையை மாதாமாதம் ஒரே மாதிரி கேட்டால், கடைக்காரர் தடைக்காலத்தில் கடன் கொடுப்பதை நிறுத்துவார், ஊர் அவரை விட்டு நகரும், ஆவணியில் கடை காலி. எங்கள் வாடகை மாதம் 2,500 ரூபாய், தடைக்காலத்து இரண்டு மாதத்துக்கு மட்டும் பாதி. மில்லுக்கு நேர் எதிர்க் கணக்கு: மிளகாய் அறுவடை முடிந்து சித்திரையில் அவருக்குக் கூட்டம் தாங்காது, அவரே அந்த மாதம் முழு வாடகை தருவதாகச் சொன்னார். ஆக, ஒரே விதியை எல்லாக் கடைக்கும் போடாமல், ஒவ்வொருவரிடமும் அவர் வருடத்தைக் கேட்டு எழுதுங்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. ஒப்பந்தம் எழுத்தில். அதில் நேரம் (எங்களுக்குக் காலை 6 முதல் ராத்திரி 8:30, மில் மட்டும் மதியம் 1 முதல் 3 வரை ஓடாது), ஒலிபெருக்கி கிடையாது, திண்ணையில் சரக்கு அடுக்கலாம் ஆனால் சாலையில் கூடாது, யார் கிளம்பினாலும் இரண்டு மாத முன்னறிவிப்பு. வாடகைக்கு வருவது நம் உறுப்பினராகவே இருந்தாலும் அதே தாள், அதே கையெழுத்து. உறுப்பினருக்கு என்று வாய்வார்த்தையாக விட்டால், பாக்கி விழும்போது யார் போய்க் கேட்பது?

கடைக்காரரோடு பேசுவதற்கு ஒருவரை மட்டும் நியமியுங்கள், வருடத்துக்கு ஒருவர். பதினொரு வீட்டிலிருந்தும் பதினொரு பேர் போய், சத்தம் அதிகம், வெளிச்சம் அதிகம், வாசலில் சைக்கிள் நிற்கிறது என்று சொன்னால் எந்த மனுஷனும் ஓடிவிடுவான். எங்களுக்கு இந்த வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். குறை யாருக்கு இருந்தாலும் அவரிடம் சொல்ல வேண்டும், அவர் சனிக்கிழமை சாயங்காலம் மில் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். பாதிக் குறையை அவரே வழியில் மறந்துவிடுவார், அதுவும் நல்லதுதான்.

கடைசியாகப் பூட்டு. பித்தளையில் வாங்குங்கள், இரும்புப் பூட்டை உப்புக்காற்று ஒரே வருடத்தில் இறுக்கிவிடும். ஒரு சாவி கடைக்காரரிடம். இன்னொன்றைப் பொது வீட்டில் ஆணியில் தொங்கவிடாமல், உறையில் போட்டு, அவரும் நாமும் குறுக்கே கையெழுத்துப் போட்டு ஒட்டி, தீர்மானப் புத்தகம் இருக்கிற அலமாரியிலேயே வையுங்கள். தீ, வெள்ளம், புயல் எச்சரிக்கை தவிர வேறு எதற்கும் அதைக் கிழிக்கக் கூடாது. எங்கள் உறை இதுவரை ஒரே ஒரு முறை கிழிந்திருக்கிறது: மில்காரர் தன் சாவியை மல்லி மூட்டையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தனுப்பிய அன்று.